டிரிப்டோபேன் ஓபரான்: அடக்கி மட்டும் போதாதது ஏன்?

பாக்டீரிய செல் தேவைக்கேற்ப நொதிகளை உற்பத்தி செய்வதை விளக்கப் பாடநூல்கள் பெரும்பாலும் லாக் ஓபரானையே எடுத்துக்கொள்கின்றன. பிரான்சுவா ஜக்கோபும் ஜாக் மோனோவும் 1961இல் முன்வைத்த அந்த மாதிரியில், அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வில் அமர்ந்தால் படியெடுத்தல் தடைபடும்; விலகினால் நடக்கும். அழகான மாதிரிதான். ஆனால் அதன் தெளிவே, கட்டுப்பாடு என்றால் திறப்பதும் மூடுவதும் மட்டுமே என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்துவிட்டது. ஈ.கோலையின் டிரிப்டோபேன் ஓபரானை அந்த எண்ணத்துக்குள் அடக்க முடியாது. அங்கே செல் இரண்டு வெவ்வேறு அளவுகளைத் தனித்தனியே அறிந்து செயல்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டிரிப்டோபேனை ஊட்டினால் அதை ஆக்கும் நொதியின் உற்பத்தி குறைவதை மோனோவும் ஜெர்மேன் கோஹன்-பசீரும் 1953இலேயே கண்டிருந்தனர். இதற்கான அடக்கி தனியாக இயங்காது. டிரிப்டோபேன் வந்து இணைந்த பிறகே டி.என்.ஏ.வைப் பற்றும். ஐந்து நொதி மரபணுக்களின் படியெடுத்தலை ஏறத்தாழ 70 மடங்கு அது குறைக்கிறது. கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் 1973இல் ஜாக்சனும் சார்லஸ் யானோஃப்ஸ்கியும், அடக்கி அமரும் இடத்துக்கும் முதல் நொதி மரபணுவுக்கும் இடைப்பட்ட பகுதி நீங்கிய திரிபுகளில் நொதி உற்பத்தி கூடுவதைக் காட்டினர். அடக்கியே இல்லாத செல்களிலும் இந்த விளைவு தெரிந்தது. அப்படியானால் அந்த இடைப்பகுதிக்கென்று தனி வேலை இருந்தாக வேண்டும்.

அந்த வேலை நடக்கும் விதம் வியக்கத்தக்கது. இடைப்பகுதியின் ஆர்.என்.ஏ.வில் 14 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு குறும்புரதத்துக்கான செய்தி இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு டிரிப்டோபேன்கள். புரதங்களில் மிக அரிதாகவே வரும் ஓர் அமினோ அமிலம் இத்தனை சிறிய சங்கிலியில் இரட்டையாக வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. டிரிப்டோபேன் ஏற்றிய கடத்து ஆர்.என்.ஏ. போதிய அளவில் இருந்தால் ரைபோசோம் அந்த இடத்தைத் தங்கு தடையின்றிக் கடந்துவிடும். பின்னால் வரும் ஆர்.என்.ஏ. தனக்குள் மடிந்து முடிப்பு வளையமாகும். படியெடுத்தல் சுமார் 140 நியூக்ளியோடைடுகளோடு நின்றுவிடும். கடத்து ஆர்.என்.ஏ. வெறுமையாக இருந்தால் ரைபோசோம் அங்கேயே தேங்கும். அப்போது ஆர்.என்.ஏ. வேறு விதமாக மடிவதால் முடிப்பு வளையம் உருவாகாது. பாலிமரேஸ் தொடர்ந்து முன்னேறும். படியெடுத்தலும் புரதத் தொகுப்பும் ஒரே நேரத்தில் நடக்கும், உட்கருச் சவ்வு இல்லாத செல்லில்தான் இது சாத்தியம்.

இந்த இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டின் வீச்சைப் பத்து மடங்கு வரை கூட்டும் உபரி ஏற்பாடு மட்டுமே என்று ஒருவர் வாதிடலாம். அதை ஏற்க இயலவில்லை. அடக்கி அறிவது செல்லில் தனித்துக் கிடக்கும் டிரிப்டோபேனை; ரைபோசோம் அறிவது புரதத் தொகுப்புக்குத் தயாராக இருக்கும் டிரிப்டோபேனை. கையிருப்பு குறைந்தும் தொகுப்பு பாதிக்கப்படாத நிலை ஒன்று உண்டு. பட்டினி கடுமையாகக் கடுமையாக, முதலில் அடக்கியின் பிடி தளர்கிறது, அதன் பின்னரே முடிப்பு வளையத்தின் தடை விலகுகிறது என்று யானோஃப்ஸ்கி குழு 1984இல் காட்டியது. வெறும் உபரி ஏற்பாட்டில் இந்த வரிசையை எதிர்பார்க்கக் காரணமில்லை.

இதைவிட வலுவான சான்று பேசில்லஸ் சப்டிலிஸிலிருந்து கிடைக்கிறது. டி.என்.ஏ.வைப் பற்றும் அடக்கிக்குப் பதிலாக அங்கே 11 ஒத்த துணையலகுகள் கொண்ட வளையப் புரதம் ஒன்று டிரிப்டோபேனைப் பிணைத்து, ஆர்.என்.ஏ.வைத் தன்னைச் சுற்றிக்கொள்ளச் செய்து படியெடுத்தலை முடிக்கிறது. வெறுமையான கடத்து ஆர்.என்.ஏ. பெருகினால் இன்னொரு புரதம் உருவாகி அந்த வளையப் புரதத்தை முடக்குகிறது. இது 2001இல் வெளியானது. கருவிகள் முற்றிலும் வேறானவை. அறியப்படும் இரண்டு அளவுகளோ அவையே.

எல்லா அமினோ அமிலங்களுக்கும் இவ்விரட்டை அறிதல் கட்டாயம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஹிஸ்டிடின் ஓபரானுக்கு அதற்கென ஓர் அடக்கி இல்லை. அதன் முன்பகுதியில் அடுத்தடுத்து ஏழு ஹிஸ்டிடின்களுக்கான செய்தி உள்ளது, ரைபோசோமின் தேக்கமே அங்கு முதன்மைக் கட்டுப்பாடு. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நொதி உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் இந்த ஓபரான் கைவிட்டிருப்பது, நம் பாடநூல்கள் முதலிடம் தரும் அடக்கியைத்தான்.