'தரிசு'ன்னு எழுதினது யாரு? கமுதி சோலார் பார்க்கும் ஒரு வருவாய்த்துறை வார்த்தையும்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை கட்டணும்னா ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் எத்தனை மீட்டர், ஒரு அறைக்குள்ள எத்தனை பேர், எவ்வளவு மருந்து, எல்லாத்துக்கும் விதி இருக்கு. அதை மீறி நடக்கிற விபத்துகளும் நமக்குத் தெரியும். ஆனாலும், "பக்கத்துல யார் இருக்காங்க?"ன்னு சட்டம் ஒரு தடவையாவது கேட்குது.

அதே கரிசல் பூமியில் 2,500 ஏக்கரில் சோலார் பார்க் போட்டா? பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள்ள சோலார் பேனல் திட்டங்கள் வராது. புகை கிடையாது, கழிவு கிடையாது, அப்புறம் எதுக்கு விசாரணைங்கிற எண்ணம்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து தென்கிழக்கே போனா கமுதி. 1985 வரைக்கும் விருதுநகரும் கமுதியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். இங்கேதான் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கு. 2015 ஜூலையில் தமிழ்நாடு மின்வாரியத்தோடு ஒப்பந்தம், யூனிட் 7 ரூபாய் 1 பைசா. அந்த விலை கிடைக்கணும்னா 2016 மார்ச் 31க்குள் முடிக்கணும். அதனால ஓட்டமா ஓடினாங்க. சுமார் 8,500 தொழிலாளர்கள், 25 லட்சம் பேனல்கள், எட்டே மாசம். 2016 செப்டம்பரில் முழு நிலையமும் தொடங்கப்பட்டப்போ ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சோலார் நிலையம்னு பேசப்பட்டது.

எட்டு மாசத்தில் இவ்வளவு கட்ட முடிஞ்சதுக்குப் பின்னாடி ஒரு பழைய வார்த்தை இருக்கு: தரிசு.

பிரிட்டிஷ் நிலவரிக் கணக்கில் வரி கொடுக்காத நிலம் வீண் நிலம். அந்தப் பார்வை இன்னும் நம்ம பதிவேடுகளில் உயிரோட இருக்கு. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு'ன்னு எழுதியிருக்கிறதை நீங்களே பார்த்திருப்பீங்க. தீர்வைன்னா வரி. அதாவது அரசாங்கத்துக்கு என்ன வரும்னுதான் அந்தக் கட்டம் சொல்லுது. அங்க ஆடு மேயுதா, யாராவது விறகு வெட்டிப் பிழைக்கிறாங்களா, மழைத்தண்ணி எந்த ஓடை வழியா கண்மாய்க்குப் போகுது, இதுக்கெல்லாம் கட்டமே இல்லை. நான் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன். ஒரு கட்டம் காலியா இருந்தா அங்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம் இல்லை. யாரும் பதியலைன்னு அர்த்தம்.

சீமைக் கருவேலத்தையே எடுத்துக்கோங்க. அதை ஒழிக்கணும்னு சொல்றவங்ககிட்ட நியாயமான காரணங்கள் இருக்கு. ஆனா ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் மழை பொய்த்த வருஷத்தில் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பம் அடுப்பு எரிச்சிருக்கு. 'தரிசு' நிலத்தில் காட்டாமணக்கு வளர்த்து டீசல் எடுக்கலாம்னு அரசாங்கம் கனவு கண்ட காலத்தில், ஜெனிஃபர் பாகா, ராபர்ட் பெய்லிஸ் ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஒரு கணக்குப் போட்டாங்க. 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, காட்டாமணக்கு தரக்கூடியதை விடக் குறைஞ்சது இரண்டரை மடங்கு பயனுள்ள ஆற்றலை ஏற்கெனவே அங்க நின்ன கருவேலமே கொடுத்துக்கிட்டு இருந்தது. வீண் நிலம்னு சொன்ன இடம் ஏற்கெனவே ஒரு மின்நிலையம் மாதிரி ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

கமுதிப் பக்கம் வந்த மனக்குறைகளையும் இப்படித்தான் படிக்கணும். பேனல் கழுவத் தண்ணி எங்கிருந்து வருது, கட்டுமானம் முடிஞ்சதும் வேலை எங்க போச்சு, மேய்ச்சலுக்கு எங்க போறது? ஒருத்தரும் வெயிலுக்கு எதிரா பேசலை. பட்டா வைச்சிருந்தவர் விற்றார், பணம் வாங்கினார். பட்டா இல்லாம அதே நிலத்தை நம்பியிருந்தவர்கிட்ட யாரும் கேட்கவே இல்லை.

வேற வழி இருந்ததான்னா, பாதி இருந்தது. கர்நாடகாவில் பாவகடா சோலார் பார்க், 2,050 மெகாவாட், 13,000 ஏக்கர். அங்க நிலத்தை வாங்கலை, 28 வருஷக் குத்தகை. ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய்னு ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 5 சதவீதம் கூடும். நிலம் விவசாயி பேரிலேயே இருக்கு. ஆனா அங்கயும் குத்தகைப் பணம் நிலம் உள்ளவருக்குத்தான். கூலிக்குப் போனவங்களுக்கு இல்லை.

இப்போ அடுத்த கட்டமா பேட்டரி சேமிப்பு நிலையங்களுக்குத் தமிழ்நாட்டில் டெண்டர் போகுது. சாயங்காலம் வெயில் போன பிறகும் சோலார் கரண்ட் வேணும்னா அது தேவைதான். ஆனா 2025 ஜனவரி 16 அன்னைக்குக் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 300 மெகாவாட் பேட்டரி நிலையம் தீப்பிடிச்சு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஒரு குடோனுக்கும் ஒரு குடிசைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வேணும்னு கேட்க, சிவகாசிக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சோலாருக்கு எதிரி இல்லை. இந்த எபிசோடை நீங்க கேட்கிற போனுக்கும் அந்தக் கரண்ட் கொஞ்சம் வந்திருக்கலாம். உங்க ஊர் கிராமசபை அடுத்த தடவை கூடும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்க: நம்ம ஊர்க் கணக்கில் 'தரிசு'ன்னு எழுதியிருக்கிற இடத்தில் இப்போ யார் பிழைக்கிறாங்க? பதிலை மினிட் புக்கில் எழுதச் சொல்லுங்க. காலியா இருக்கிற கட்டத்தை முதல்ல வர்றவங்க நிரப்பிட்டுப் போயிடுவாங்க.