ஈரலைக் கரையில் வைத்த முயல்

குரங்கும் முதலையும் கதையை அறியாத மாணவர் நம்மிடையே அரியர். மனைவியின் ஆசைக்காகக் குரங்கை முதுகிலேற்றிச் சென்ற முதலை, நடு ஆற்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறது. இருதயத்தை மரத்திலேயே விட்டு வந்ததாகக் குரங்கு கூற, முதலை கரைக்குத் திரும்புகிறது. குரங்கு மரமேறித் தப்புகிறது.

இக்கதையை இராமநாதபுரம் மாவட்டத்துப் புதுமடம் கடற்கரையில் ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். எதிரே இருப்பது மன்னார் வளைகுடா. முதலை அங்கில்லை, பேராமையும் பங்குனி ஆமையும் உண்டு. சொல்பவர் முதலையை ஆமையாக மாற்றினால் கதை கெட்டுவிடுமா? கெடாது என்பதற்கு இக்கதையின் வரலாறே சான்று.

கதை கடல் கடந்தது

பாலி மொழி ஜாதகக் கதையில் இது கங்கைக் கரையில் நிகழ்கிறது. அத்திப் பழங்களைக் காட்டி, அவையே குரங்குகளின் இருதயங்கள் என்கிறது குரங்கு. வடமொழிப் பஞ்சதந்திரத்தில் அது நாவல் மரமாகிறது. 3-ஆம் நூற்றாண்டில் சீன மொழியில் பெயர்க்கப்பட்ட பௌத்தக் கதைகளில் முதலை ஆமையாயிற்று, இருதயம் ஈரலாயிற்று.

மேற்கே, பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்றது. 8-ஆம் நூற்றாண்டில் இபுனுல் முகஃபா அதனை அரபியில் ‘கலீலா வ திம்னா’ என்று ஆக்கினார். அதிலும் ஆமையே வருகிறது. எட்வர்டு ஸ்டீர் சான்சிபாரில் திரட்டி 1870-இல் வெளியிட்ட சுவாகிலிக் கதைகளிலோ அது சுறா! சப்பானியர் இன்னும் ஒரு படி சென்றனர். குரங்கைத் தப்பவிட்டதற்குத் தண்டனையாகவே சொறிமீன் எலும்பை இழந்தது என்பது அவர்கள் கதை.

சிறையில் சொன்ன கதை

கொரியாவில் காட்டுக் குரங்குகள் இல்லை. ஆகவே அங்கே முயல் வந்தது. அந்த முயல் ஒரு மனிதரின் உயிரையே காத்தது என்கிறது வரலாற்று நூல் ஒன்று.

கி.பி. 642-இல் சில்லா நாட்டின் கிம் சுஞ்சு, பெக்சே நாட்டை எதிர்க்கப் படையுதவி நாடிக் கோகுரியோ நாட்டுக்குச் சென்றார். அந்நாட்டு மன்னர், சில்லா வசமிருந்த நிலப்பகுதியைத் திரும்பக் கேட்டார். கிம் மறுத்தார், சிறைப்பட்டார். அவரிடம் துணிகளைக் கையூட்டாகப் பெற்ற அமைச்சர் ஒருவர், உணவும் மதுவும் கொண்டுவந்து முயல் கதையைச் சொன்னார். ஈரலைக் கழுவிப் பாறையில் வைத்து வந்ததாகச் சொல்லி ஆமையை ஏமாற்றிய முயலின் கதை அது. குறிப்பை உணர்ந்த கிம், நிலத்தைத் திருப்பித் தரச் செய்வதாக எழுதிக் கொடுத்தார். விடுதலை பெற்று எல்லையைக் கடந்ததும், உயிர் தப்பவே அவ்வாறு எழுதியதாகக் கூறிவிட்டார். 654-இல் அவரே சில்லாவின் மன்னரானார். 660-இல் பெக்சேயும், அவர் மறைவுக்குப் பின் 668-இல் கோகுரியோவும் வீழ்ந்தன.

இதனை உரைக்கும் ‘சம்குக் சகி’ தொகுக்கப்பட்ட ஆண்டு 1145. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள்! ஆகவே அமைச்சர் சொன்ன சொற்கள் இவையே என்று அறுதியிட இயலாது. ஆனால் 1145-க்குள் இக்கதை கொரியாவில் வேரூன்றிவிட்டது என்பது உறுதி. ஒரு சான்று எதனை நிறுவும், எதனை நிறுவாது என்று பிரித்தறிவதே வரலாற்று முறையாகும்.

விலங்கும் மரமும் உறுப்பும் ஊருக்கு ஊர் மாறின. மாறாதது ஒன்றே: வலியவனின் பேராசையை எளியவன் தன் தோணியாக்கிக்கொள்வது. மாணவர்கள் தம் ஊர்ப் பெரியோர் சொல்லும் கதையில் எந்த விலங்கு, எந்த மரம், எந்த உறுப்பு வருகின்றன என்று கேட்டு, ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதி வைக்கலாம். கதைகளின் பயண வழியை ஆய்வோர் கண்டது இத்தகைய குறிப்புகளைக் கொண்டே அன்றோ?