மருதனார்மடத்து இசைக்கூடம்

நமது பாடசாலைகளில் இன்று சங்கீதம் கற்பிப்போரிற் பலர் மருதனார்மடத்தில் பயின்றவர்கள். அந்தக் கலைக்கூடம் கை மாறிய கதை, அதிபர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருப்போர் அறிந்துகொள்ள வேண்டியதொன்று.

வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சைகளை நடத்தி, தேறியோருக்குக் 'கலாவித்தகர்' பட்டமும் வழங்கி வந்தது. ஆனால் மாணவர் படித்தது ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலேதான். முழுநேரமாக இசை பயில ஓர் இடம் இருக்கவில்லை. அக்குறையை நீக்க முன்வந்தவர் சேர் பொன். இராமநாதனின் மருகர் சு. நடேசபிள்ளை. மாமனார் 1913இல் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியின் சூழலிலேயே, 1960இல், பின்னர் இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப் பெயர்பெற்ற இசைக்கூடத்தை அவர் தொடக்கினார். தமிழகத்திலிருந்து வித்துவான்களை அழைத்தார். மகாராஜபுரம் சந்தானம் இங்கே அதிபராக இருந்தார். அவர் இசை பயின்றது மேலட்டூர் சாம தீட்சிதரிடமும் தந்தையார் விசுவநாத ஐயரிடமும். அந்தக் குருபரம்பரையே அவருடைய தகுதிப்பத்திரம். படித்துத் தேறியோர் 'சங்கீத ரத்தினம்' ஆயினர்.

நடேசபிள்ளை 1965இல் மறைந்தார். தனியொருவரின் ஆர்வத்தில் எழுந்த நிறுவனம் அவருக்குப் பின் எவ்வாறு நிலைப்பது? விடை பத்தாண்டுகளின் பின் கிடைத்தது. 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், யாழ்ப்பாண வளாகம் உருவாயிற்று. 1975 டிசம்பரில் இசைக்கூடம் அதனுடன் இணைக்கப்பட்டது. அப்போது வளாகத் தலைவராயிருந்தவர் மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி. சைவப் பெரியாரொருவரின் சூழலில் வளர்ந்த கீர்த்தனை மரபு அவரது நிருவாகத்தின்கீழ் வந்து சேர்ந்ததை எண்ணினால் மெல்லிய புன்முறுவல் தோன்றுகிறது.

இணைப்பினால் வந்த நன்மை சிறிதன்று. அரசாங்கச் சம்பளம், அங்கீகாரம், படித்தவருக்கு ஆசிரிய நியமனம். மகளைச் சங்கீதம் படிக்க அனுப்பத் தயங்கிய தகப்பனுக்கு இவை பெரிய ஆறுதல். பிற்காலத்தில் அங்கே படித்தவர்களே அங்கே விரிவுரையாளர்களும் ஆயினர். 'சங்கீத ரத்தினம்' போய் 'இசைக்கலைமணி' வந்தது. அதன்பின் பட்டப்படிப்பும் வந்தது.

எனினும் பல்கலைக்கழகம் என்பது விதிக்கோவையால் நடப்பது. பட்டமில்லாத வித்துவானை எந்தப் படியில் அமர்த்துவது? ஒரு வர்ணம் படியும்வரை பாடவைக்கும் குருவுக்கு மணி அடித்தால் எழுந்துபோகும் வகுப்பு பொருந்துமா? தாளிற் கேட்கும் வினாவுக்கு விடை எழுதுபவர் இராகத்தையும் பாடுவாரென்பதற்கு என்ன உறுதி? என்னைக் கேட்டால், இணைத்தது சரியே. இல்லையேல் அந்தக் கூடம் நலிந்திருக்கும். ஆனால் குருவின் நேரத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அது அங்கிருந்த ஆசிரியர்களின் மனத்தில்தான் இருந்தது.

நான் முன்னர் படிப்பித்த பாடசாலையொன்றில், சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும் சங்கீதப் பாடவேளைகள் கணிதத்துக்குப் போயின. சங்கீத ஆசிரியை வாதாடவில்லை. பாடசாலை விட்டபின் ஒரு மணிநேரம், மண்டபத்துப் படிக்கட்டிலே சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுடன் இருந்தார். அந்த வருட நவராத்திரிக்குப் பாடியவர்கள் அந்தப் பிள்ளைகளே.