கல், சீமெந்து, தகரம்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் கட்டடங்கள் குறித்துச் சில குறிப்புகள்

கட்டடக்கலை பற்றி இலக்கிய மாணவர் எழுதப் புகுவதை அத்துமீறல் எனச் சிலர் கருதக்கூடும். எனினும், சமுதாயத்தின் பொருளாதார அமைப்பை அடித்தளம் எனவும் அதன்மீது எழும் சட்டம், அரசியல் ஆகியவற்றை மேற்கட்டுமானம் எனவும் 1859 ஆம் ஆண்டில் மார்க்ஸ் விளக்கியபோது, அவர் கையாண்ட உருவகமே ஒரு கட்டடத்தினுடையது என்பது மனங்கொள்ளத்தக்கது. நாம் அவ்வுருவகத்தை நாவலுக்கும் கவிதைக்கும் பிரயோகித்துப் பழகிவிட்டோம். மெய்யாகவே அத்திவாரமும் சுவரும் கூரையும் உடைய கட்டடங்களுக்கு அதனைப் பிரயோகித்துப் பார்த்தோர் எம்மிடையே மிகச் சிலரே.

அண்மைக்காலத்தில் இலங்கையின் தனியார் இல்லங்களைப் பற்றி அழகிய வண்ணப்படங்களுடன் பல நூல்கள் வெளிவந்துள்ளன. நடுமுற்றம், அகன்ற விறாந்தை, தாழ இறங்கும் ஓட்டுக்கூரை, பழைய மரத்தூண் முதலியன அவற்றில் இம்மண்ணின் மரபு எனப் போற்றப்படுகின்றன. அம்மரபு யாருடையது என்னும் வினாவை அந்நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவைத் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதியில் வைத்து ஆராய்வதே எமது நோக்கம்.

எமக்குப் பழக்கமான சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். முற்றம், திண்ணை, வாசல், தூண், கூரை, வளவு என்பன தமிழ்ச் சொற்கள். யன்னல், குசினி, அலுமாரி, கதிரை, மேசை என்பன போர்த்துக்கேயர் வழி வந்தவை. விறாந்தையும் அவர்கள் வாய்வழியே பரவியது. கந்தோர், லாச்சி, கக்கூசு ஆகியவற்றை ஒல்லாந்தர் விட்டுச்சென்றனர். பங்களாவும் குவார்ட்டர்ஸும் ஆங்கில ஆட்சியின் எச்சங்கள். துறைமுகத்தை ஆண்டவர் ஒவ்வொருவரும் எமது வீட்டினுள்ளும் ஒரு மூலையைப் பிடித்திருந்தனர் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘தூய தமிழ் வீடு’ ஒன்றைத் தேடிச் செல்பவர் கதிரையில் அமர்ந்துகொண்டே அதனைத் தேடுகிறார்.

திருகோணமலையின் கட்டட வரலாற்றை ஒரு கல்லின் வரலாறாகவே எழுதிவிடலாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணேசர் கோயில் 1620களின் முற்பகுதியில் கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியின் ஆணைப்படி இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல், தான் இருந்த இடத்தைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒல்லாந்தர் கைக்கும் இடையிடையே பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிய அக்கோட்டை 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803 இல் யோர்க் கோமகனின் பெயரால் பிரடெரிக் கோட்டை எனப்பட்டது.

இந்நிகழ்வு சமயப் பகைமையின் கதையாகவே எம்மவரால் பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பகைமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கவிராசவரோதயன் பாடிய கோணேசர் கல்வெட்டைச் சற்று ஊன்றி நோக்கினால் மற்றொன்று புலப்படும். தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் கோயிலுக்கு ஆற்றவேண்டிய தொழும்புகள், வயல்கள், வருவாய்கள் ஆகியன அந்நூலில் விரிவாக வகுத்துரைக்கப்படுகின்றன. நிலத்தையும் உழைப்பையும் ஒழுங்குபடுத்திய ஒரு பொருளாதார நிறுவனமாகவும் கோயில் விளங்கியது என்பது பெறப்படும். எனவே அங்கு இடிக்கப்பட்டது ஒரு வழிபாட்டிடம் மட்டுமன்று. நிலவுடைமை ஒழுங்கு ஒன்றின் தலைமை நிலையமும் ஆகும். அவ்வொழுங்கின் இடத்தில் வணிக மூலதனத்தின் படைக்காவல் வந்தமர்ந்தது. கற்கள் அவையே, அவை காத்து நின்ற உடைமை வேறு. கோயில் இருந்த காலத்தைச் சமத்துவத்தின் பொற்காலமாகச் சித்திரிப்பதற்கும் இதே நூல் தடையாக நிற்கிறது. தொழும்பு தொழும்புதான்.

1950 இல் நகரசபையார் குடிநீருக்காகக் கிணறு வெட்டுகையில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. ஊர் மக்களின் பெருமுயற்சியால் எழுந்த இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963 இல் நிகழ்ந்தது. பழைய கோயில் கருங்கல்லாலானது. அதன் கற்களில் ஒரு பகுதி கோட்டையிலும் ஒரு பகுதி கடலடியிலும் கிடக்க, புதிய கட்டடத்திற்குச் சீமெந்து கைகொடுத்தது. கலைநோக்கில் அதனைப் பழையதோடு ஒப்பிட்டுக் குறைகூறுவோர் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. அரச மானியமும் தொழும்பும் இன்றி, சாதாரண மக்களின் பணத்தால் எழுந்த கட்டடத்திற்குரிய பொருள் சீமெந்தே. மானியம் அளித்த மன்னர்களின் அளவுகோலைக் கொண்டு அதனை அளப்பது நியாயமாகாது.

ஆங்கில ஆட்சிக்காலத்தைச் சுருக்கமாகவே கூறலாம். கடற்படைத்தளம் என்ற ஒன்றே நகரின் பிறவனைத்தையும் நிர்ணயித்தது. உத்தியோகத்தருக்குக் காற்றும் காட்சியும் வாய்ந்த மேட்டுநிலத்தில் பங்களாக்கள். அவர்க்குக் கீழ்ப்பட்டோருக்குத் தரத்திற்கேற்ற குவார்ட்டர்ஸ். கூலியாளுக்குக் கிடுகுக் கொட்டில் அல்லது வரிசைக் குடியிருப்பு. இக்காலத்தின் மிகப்பெரும் கட்டடங்கள் மனிதர் வாழ்வதற்காக எழுந்தவையல்ல. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்கள் அமைக்கப்பட்டன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி நடந்த யப்பானியத் தாக்குதலில் அவற்றுள் ஒன்று அழிந்தது. எஞ்சியவற்றுள் 99 குதங்களைப் பங்கிட்டுக்கொள்வது பற்றி 2022 சனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்தன. உருக்குத் தகட்டால் இத்துணை உறுதியாகக் கட்டப்பட்ட வீடு எதுவும் அவ்வட்டாரத்துத் தொழிலாளிக்கு அக்காலத்திலும் கிடைக்கவில்லை, பின்னரும் கிடைக்கவில்லை. 1957 அக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது தேசிய இயக்கம் அதனை வெற்றியெனக் கொண்டாடியது, அது வெற்றியே. ஆனால் தளத்தை நம்பி வாழ்ந்த பலர் வேலையிழந்தனர் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

இதே ஆண்டுகளிற்றான் கண்டியிலும் கொழும்பிலும் இலங்கையின் நவீன இல்லக் கட்டடக்கலை உருவாயிற்று. மினற் டி சில்வா கண்டியில் தாம் கட்டிய வீடொன்றைப் பற்றி 1953 இல் பம்பாயின் ‘மார்க்’ சஞ்சிகையில் எழுதினார். மேலைத்தேய நவீனத்துவத்தையும் உள்ளூர்க் கைவினையையும் அவர் ஒரே வீட்டில் இணைக்க முயன்றார்; நெசவாளரும் குயவரும் அவரது கட்டடங்களில் இடம்பெற்றனர். 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கொழும்பில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடு, நடுமுற்றத்தை நகர வாழ்வுக்கு மீட்டுத் தந்தது எனப் புகழப்படுகிறது. இவ்விருவரின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. எமது காலநிலைக்கு முற்றம் எத்துணை பொருத்தமானது என்பதை அவர்கள் மீண்டும் உணர்த்தினர். ஆனால் அவர்கள் திரும்பிப் பார்த்த மூலவடிவங்களில் முதன்மையானவை எவை? சிங்களப் பகுதியின் வளவ்வ, விகாரை, ஒல்லாந்தரின் நகர வீடு. உடைமையாளரின் வீட்டிலிருந்து பெற்ற வடிவம் மீண்டும் உடைமையாளரின் வீட்டையே அலங்கரித்தது. பின்னர் அது உல்லாசப் பயண விடுதிகளின் பொதுமொழியாகி, கீழ்க்கரைக் கடற்கரைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

தமிழர் தரப்பில் இதற்கு விடையாக நாற்சார் வீட்டை முன்னிறுத்துவோர் உளர். எமது முன்னோரும் முற்றம் வைத்துக் கட்டினர் என்பது அவர்தம் வாதம். உண்மைதான்; ஆனால் எந்த முன்னோர்? நாற்சார் வீடு நெல்லும் காணியும் உடையவரின் வீடு. அதன் முற்றம் காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் மட்டும் திறந்திருந்ததன்று. யார் படலையோடு நிற்பது, யார் திண்ணைவரை வருவது, யார் உள்ளே புகுவது, பெண்கள் எங்கே மறைவது என்பனவற்றை அது சுவரில்லாமலே பிரித்து வைத்தது. சாதியின் மிகத் துல்லியமான வரைபடம் அது. பெரும்பாணாற்றுப்படை எயினர், உழவர், வலைஞர் முதலியோரின் குடியிருப்புகளை வேறுவேறாக வருணிக்கிறது. நெடுநல்வாடை நூலிட்டு அளந்து கட்டிய அரண்மனையை வருணிக்கிறது. இவற்றை ‘தமிழர் வீடு’ என்ற ஒற்றைத் தொடரில் அடக்க முனைந்தால் பாட்டுகளே இடங்கொடா.

இனி, உழைப்பவரின் வீட்டுக்கு வருவோம். அதன் வரலாறு பாணிகளின் வரலாறன்று, பொருட்களின் வரலாறு. பனையோலையும் கிடுகும் களிமண்ணும் ஊரிலேயே கிடைத்தவரை வீடு ஊரின் விளைபொருளாக இருந்தது. அதன்பின் துறைமுகத்தில் மலிவாக இறங்கியது எதுவோ அதுவே அவ்வீட்டின் கூரையாயிற்று. 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் துறைமுகக் கரைக்கு மாவாலையையும், வெளிநாட்டிலிருந்து கிளிங்கரை இறக்கி அரைக்கும் சீமெந்துத் தொழிற்சாலையையும் கொண்டுவந்தது. நாடெங்கும் வீடுகட்டும் சீமெந்தில் பெரும்பங்கு திருகோணமலையிற் பொதியிடப்படுகிறது. அதே மாவட்டத்தில், 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளின் பின்னரும், 2006 இல் சம்பூர்ப் பகுதி மக்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி வெளியேறிய பின்னரும், ஆயிரக்கணக்கானோர் தகரக் கொட்டில்களில் வாழ நேர்ந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரத்தின் கீழ் நண்பகலைக் கழிப்பது என்னவென்று முகாம்களில் வாழ்ந்தோரே அறிவர். சம்பூர் மக்களின் காணிகள் அனல்மின் நிலையம், கைத்தொழில் வலயம், கடற்படை முகாம் ஆகியவற்றுக்காகப் பிடித்துவைக்கப்பட்டன. 2015 இலும் 2016 இலும் அவை கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது பல வீடுகள் இருந்த சுவடே இல்லை. அனல்மின் நிலையமும் 2016 இல் கைவிடப்பட்டது. ஒருபோதும் எழாத ஒரு கட்டடத்திற்காக ஓர் ஊரின் வீடுகள் அழிந்தன என்பதைக் கட்டடக்கலை வரலாற்றின் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது?

1872 இல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியவை ஈண்டு நினைவுகூரத்தக்கவை. தொழிலாளியைச் சிறு வீட்டுடைமையாளனாக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற கருத்தை அவர் மறுத்தார். போருக்குப் பின் இந்திய உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் நடைபெற்ற திட்டத்தில், புதிய வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. கட்டும் பொறுப்பு குடும்பத்தினுடையது. தம் வீட்டின் அமைப்பைத் தாமே தீர்மானிக்க வாய்ப்பளித்தமை அதன் நற்பண்பு. ஆனால் பொருள் விலை ஏற ஏற, பணம் கூரைக்கு எட்டுமுன் தீர்ந்து, குடும்பங்கள் பல கடன்பட்டன. பின்னர் அரசு 65,000 உருக்கு வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் மூலம் பொருத்திக் கொடுக்க எண்ணியது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா எனத் தொடக்கத்தில் கூறப்பட்டது. அதனிலும் மிகக் குறைந்த செலவில் கல்வீடு கட்டலாம் என்றும், அத்திட்டத்தால் உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையில்லை என்றும் கட்டடக்கலைஞர், பொருளியலாளர், மக்கள் அமைப்புகள் எனப் பலரும் எதிர்த்ததால் அது நடைபெறவில்லை. எமது பகுதியில் கட்டடக்கலை பொது விவாதத்திற்குரிய பொருளான அரிய சந்தர்ப்பங்களுள் அது ஒன்று. இலக்கிய உலகம் அதில் ஏறக்குறைய மௌனம் காத்தது என்பதை நாம் வெட்கத்துடன் பதிவு செய்யவேண்டும்.

பண்பாட்டுக் கட்டடங்களின் நிலையும் நிலவுடைமையினின்று பிரிக்கமுடியாதது. கோணேசர் கோயிலுக்குச் செல்பவர் இன்றும் படையினர் நிலைகொண்ட கோட்டையினூடாகவே செல்கிறார். துறைமுகச் சாலையிலுள்ள ஒல்லாந்தர் காலக் கட்டடம் செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டு நூதனசாலையாகியுள்ளது. அதனை நடத்துவது கடற்படை. கடலின் வரலாற்றைக் கூறும் அவ்விடத்தில் மீனவரின் கொட்டிலுக்கும் கப்பல்துறைத் தொழிலாளியின் குடியிருப்புக்கும் உரிய இடம் எவ்வளவு என்பது கேட்கப்படவேண்டிய கேள்வி. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைவரானார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்திற்கான அச்செயலணியில் அவ்விரு சமூகத்தாருள் ஒருவர்தானும் தொடக்கத்தில் நியமிக்கப்படவில்லை. மரபுரிமை எனும் சொல்லில் ‘உரிமை’ என்னும் பகுதியே இங்கு முதன்மையானது.

இக்கட்டுரைக்காக நகரிலும் அயற்கிராமங்களிலும் நாம் சுற்றியபோது, கரையோர விடுதிகளிலும் செல்வர் இல்லங்களிலும் வேலைசெய்யும் மேசன் ஒருவருடன் உரையாட நேர்ந்தது. நடுமுற்றம் வைக்கும் வரைபடங்களைப் பற்றி அவருக்குத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது: வாடைக்கால மழைநீர் வெளியேறும் வழியைப் படம் வரைபவர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை, உப்புக்காற்றுப் படும் இடத்தில் கம்பிக்கு மேல் கொங்கிரீற்றுத் தடிப்பு குறைந்தால் சில ஆண்டுகளிலேயே துருவேறிச் சுவர் வெடிக்கும். அவரது சொந்த வீடு உதவித்திட்டத்தில் கட்டியது; வெளிச்சுவர் இன்னும் பூசப்படவில்லை. திட்டத்தின் படத்தில் விறாந்தை இல்லாமையால், வீட்டின் முன்புறம் பழைய தகரமும் கிடுகும் கொண்டு ஒரு பத்தி இறக்கியிருந்தார். வலை பின்னுவதும், பிள்ளைகள் படிப்பதும், விருந்தாளி அமர்வதும், இரவில் பாதிப்பேர் உறங்குவதும் அப்பத்தியிலேதான். அத்தெருவில் இருந்த வீடுகளை எண்ணிப் பார்த்தோம். பத்தி இறக்காத வீடு இரண்டே. அவ்விரண்டும் ஆளில்லாது பூட்டிக் கிடந்தன.