எஸ்.எஸ். பிள்ளையும் வாரிங் சிக்கலும்

எந்த மிகை முழு எண்ணையும் நான்குக்கு மிகாத வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று லாக்ராஞ்சு 1770இல் நிறுவினார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்டு வாரிங், கனங்களாயின் ஒன்பதும், நான்காம் அடுக்குகளாயின் பத்தொன்பதும் போதும் என்றும், இவ்வாறே ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்றும் நிறுவாமலே கூறிவைத்தார். அத்தகைய எல்லை உண்டு என்பதை டேவிட் ஹில்பர்ட் 1909இல் நிறுவிய பின்னரும், அந்த எல்லை எது என்னும் கேள்வி பெரும்பாலான அடுக்குகளுக்கு எஞ்சியே நின்றது.

அக்கேள்வியை எடுத்துக்கொண்ட சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்து, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் ஆய்வு பயின்று, 1929இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். ஏழாம் அடுக்கு முதலானவற்றின் எல்லையைத் தரும் பொதுச் சூத்திரத்தை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவரும் அமெரிக்கரான டிக்சனும் தனித்தனியே கண்டறிந்தனர். ஆறாம் அடுக்கின் எல்லை 73 என்பதைப் பிள்ளை 1940இல் நிறுவினார்.

ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் கிடைப்பது அதன் ஆறாம் அடுக்கு. 2க்கு அது 64, 3க்கு 729. 703 என்னும் எண் 729ஐவிடச் சிறியதாதலால், அதை 64களையும் 1களையும் கொண்டு மட்டுமே அமைக்க இயலும். பத்து 64களும் அறுபத்து மூன்று 1களுமாக 73 உறுப்புகளுக்குக் குறையாமல் வேண்டும். அரிய பகுதி இதன் மறுபக்கம், அதாவது எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் வேண்டுவதில்லை என்று காட்டுவதாகும். ரஷ்யக் கணித அறிஞர் வினோகிராதவின் பகுப்பாய்வு முறை மிகப் பெரிய எண்களுக்கே செல்லுபடியாகும். அவற்றுக்குக் கீழுள்ளவையோ முடிவுள்ளவையாயினும் ஒவ்வொன்றாகச் சோதிக்க இயலாத அளவுக்குப் பெருகியிருந்தன. சிறிய எண்களில் முடிவை உறுதிசெய்து, அங்கிருந்து படிப்படியாக மேலேறும் வழியில் பிள்ளை அந்த இடைவெளியை நிரப்பினார். இவ்வெற்றியின் அருமையைப் பிற்கால வரலாறே காட்டுகிறது: சிறிய அடுக்குகளாகிய ஐந்துக்குரிய 37 என்னும் எல்லையைச் சீனாவின் சென் ஜிங்ருன் 1964இலும், நான்குக்குரிய 19ஐப் பாலசுப்பிரமணியன், தெசூயே, திரெஸ் ஆகிய மூவர் 1986இலுமே நிறுவ முடிந்தது.

பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை உயிரிழந்தார். வர்க்கம், கனம் முதலிய அடுக்குகளில் ஒரே அளவு வேறுபாடு கொண்ட இணைகள் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என்பது அவர் விட்டுச்சென்ற ஊகம். வேறுபாடு 1ஆக உள்ள இணை 8, 9 ஒன்றே என்பது 2002இல்தான் நிறுவப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட எந்த வேறுபாட்டுக்கும் பிள்ளையின் ஊகம் இன்றளவும் நிறுவப்படவில்லை. அந்த ஊகத்தின் வரலாற்றை அடுத்த பகுதி விரித்துரைக்கும்.