இரண்டு வருசமும் ஐந்து மாதமும்

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு எண்டு வருசத்துக்கு ஒருக்காவாவது எங்கட போனுக்கு ஒரு செய்தி வரும். அப்படியான செய்திகளில் மிகப் பிரபலமான ஒன்றுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது எண்டு இங்கே பார்ப்போம்.

1960களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்தார். அவரும் அவருடைய சக ஆய்வாளரும் முயலின் தைரொயிட் சுரப்பியை உடலுக்கு வெளியே உயிரோடு வைத்து, அதற்குள் புற்றுநோய்க் கலங்களை விட்டார்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வளர்ந்ததும் கட்டி நின்றுவிட்டது. சாகவில்லை, வளராமல் சும்மா இருந்தது. அதையே எலிக்குள் வைத்ததும் மளமளவென்று வளர்ந்தது. எலிக்குள் அந்தக் கட்டிக்குப் புதிய குருதிக்குழாய்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

கட்டி ஏதோவொரு பதார்த்தத்தைச் சுரந்து குருதிக்குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது, அதைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் எண்டு 1971இல் ஃபோக்மன் எழுதினார். கனபேர் நம்பவில்லை. எங்கே அந்தப் பதார்த்தம் எண்டு கேட்டார்கள். 1983இல் ஹரோல்ட் டுவோராக்கின் குழு, குருதிக்குழாய்களைக் கசியச்செய்யும் ஒரு புரதத்தைக் கட்டிகளில் கண்டது. 1989இல் நெப்போலியோனே ஃபெராரா குருதிக்குழாயை வளர்க்கும் காரணியொன்றைப் பிரித்தெடுத்தார். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இப்போது அதை விஈஜிஎஃப் என்கிறார்கள்.

1998 மே மாதம், ஃபோக்மனின் ஆய்வுகூடத்தில் கிடைத்த வேறு இரண்டு பதார்த்தங்கள் எலிகளின் கட்டியைச் சுருக்கியதை நியூயோர்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் போட்டது. ஃபோக்மன் இரண்டு வருசத்தில் புற்றுநோயைக் குணமாக்கிவிடுவார் எண்டு ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாகவும் அதில் இருந்தது. வாட்சன் பிறகு அதை மறுத்தார். ஆனால் 12 டொலரளவில் இருந்த மருந்துக் கம்பனியின் பங்கு அதற்குள் 80ஐத் தாண்டிவிட்டது. நோயாளிகள் மருந்து கேட்டு அழைக்கத் தொடங்கினார்கள். மனிதர்களில் அந்த இரண்டும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

பலன் வந்தது விஈஜிஎஃப் பக்கமிருந்துதான். அதைப் பிடித்துக்கொள்ளும் பிறபொருளெதிரியான பெவசிசுமாப், 2004 பெப்ரவரியில் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 813 பேரில் நடந்த பரிசோதனையில், வழமையான மருந்துகள் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 15.6 மாதம். இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். கிட்டத்தட்ட ஐந்து மாதம் கூட. நோய் பரவமுதல் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், நோய் திரும்பி வருவதை அது தடுக்கவில்லை.

கட்டியின் தரம் மோசமாக மோசமாக விஈஜிஎஃப் கூடுமா எண்டும் தேடினார்கள். சில ஆய்வுகள் ஆம் என்றன, சில இல்லை என்றன. இன்றைக்கும் பெருங்குடற் கட்டியின் தரத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கலங்கள் இன்னும் சுரப்பி மாதிரி ஒழுங்காக நிற்கின்றனவா, குலைந்துபோயினவா என்பதே கணக்கு. விஈஜிஎஃப் அளவைப் பார்த்து இந்த மருந்தை யாருக்குக் கொடுப்பது எண்டு முடிவெடுக்கும் வழி வரவில்லை.

ஃபோக்மன் 2008இல் காலமானார். அவருடைய எண்ணம் சரிதான், ஆனால் முதல் மருந்தாக வர 33 வருசம் எடுத்தது. ஐந்து மாதம் எண்டால் சின்ன விசயமில்லை, ஒரு வீட்டுக்கு அது பெரிய காலம். குணமாகிவிடும் எண்டு நம்பிக் காசைக் கொட்டுகிற வீட்டுக்கு அதை அப்படியே சொல்லவேணும். அடுத்தமுறை போனுக்கு அந்தச் செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேட்போம்: எலியிலா, மனிதரிலா? எத்தனை மாதம்?