சேவ் பண்ணும்போது போன கரண்ட்

2012 ஐப்பசி மாசம். ரமணாசிரமம் பக்கத்துல, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியற ஒரு தெருவில் அப்போ குடியிருந்தேன். அந்த வருஷத்து மின்வெட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சென்னைக்காரங்களைத் தவிர :-) மாநிலத்துல 4,000 மெகாவாட் அளவுக்குப் பற்றாக்குறைன்னு பேப்பர்ல போடுவாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு வேற. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. சில நாள் 12 மணி நேரத்துக்கு மேலயே இருக்காது. ராத்திரி ஃபேன் நின்னதும் முழிப்பு வரும், ஆசிரமத்து மயில் கத்தறது கேட்கும், அப்படியே உட்கார்ந்திருப்போம்.

அப்படி ஒரு நாள் காலையில எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். ரிட்டயர்ட் வாத்தியார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்துல ஒரு பென் டிரைவ்.

"தம்பி, இதுல கட்டம் கட்டமா வருது. கொஞ்சம் பாருங்க."

விஷயம் இதுதான். அவர் வீட்டம்மா இறந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மா சொன்ன கதைகளை, கிரிவலப் பாதை மண்டபங்களைப் பத்தி, கல்யாணமாகி வந்த புதுசுல இந்த ஊர் இருந்த நிலைமை பத்தி, மாமியார் சமையல் பத்தி, அவங்க பேசின மாதிரியே தட்டச்சு பண்ணி வச்சிருந்தார். எட்டு மாசம். ஒத்தை விரல். 180 பக்கத்துக்கு மேல. எ-கலப்பை வச்சு யூனிகோடில் அடிச்சது. சாயங்காலம் எழுந்திருக்கும்போது ஒரே ஒரு தடவை சேவ் பண்ணுவார், அதுவும் நேரா பென் டிரைவ்லயே. யுபிஎஸ் இருந்தது, பேட்டரி செத்துப்போய் ஒரு வருஷம். அன்னைக்கு சேவ் பட்டனை அழுத்தினதும் கரண்ட் போயிருக்கு. மறுநாள் ஒரு பிரௌசிங் சென்டரில் கொண்டுபோய்ச் செருகினப்போ "சரிபார்க்கவா?"ன்னு விண்டோஸ் கேட்டிருக்கு. அங்கிருந்த பையன் ஆமான்னு அழுத்திட்டான். ஃபைல் பேர் இருக்கு, உள்ளே ஒண்ணும் இல்லை.

"நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களா சார்?"

"இல்லப்பா. கம்ப்யூட்டர்தான் பத்திரம்னு பேரன் சொன்னான்."

இந்த 'பத்திரம்' எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் அது எப்படி உடைஞ்சதுன்னு புரியும். அதனால கொஞ்சம் பழைய கதை.

பென் டிரைவ்ல இருக்கிற 'ஃபேட்' என்கிற அடுக்குமுறை 1977ல மார்க் மெக்டொனால்ட் மைக்ரோசாஃப்டில் எழுதினது, பேசிக் மொழியோட பிளாப்பி பதிப்புக்காக. யோசனை ரொம்ப எளிமை. வட்டை சின்னச் சின்ன கட்டங்களா பிரிச்சுக்கறது, ஒரு ஃபைலோட அடுத்த கட்டம் எதுன்னு ஒரு அட்டவணையில எழுதி வைக்கறது. நூலகத்துல புத்தகத்தைத் தாள் தாளா கிழிச்சு பல அலமாரியில வச்சுட்டு, எது எங்கேன்னு ஒரே ஒரு நோட்டுல எழுதற மாதிரி. நோட்டு போச்சுன்னா தாள் எல்லாம் இருக்கும், புத்தகம் இருக்காது. இதனாலதான் அட்டவணைக்கு ரெண்டு காப்பி வச்சாங்க. ஆனா ரெண்டையும் அடுத்தடுத்து ஒரே மாதிரிதான் எழுதும். முதல் காப்பியில ஏறின தப்பு ரெண்டாவதுலயும் ஏறும்.

ஃபைலை அழிச்சாக்கூட ஃபேட்டில் எழுத்து அழியறதில்லை. பேரோட முதல் எழுத்து மட்டும் மாறும், அட்டவணையில அந்தக் கட்டங்கள் காலின்னு குறிச்சுடும், அவ்வளவுதான். 1982ல பீட்டர் நார்ட்டன் இதை வச்சே 'அன்-இரேஸ்' நிரலை எழுதிப் பணக்காரர் ஆனார்.

அடுத்த சிக்கல் வேகம். வட்டு மெதுவா எழுதும், மனுஷனுக்குப் பொறுமை இல்லை. அதனால "எழுதியாச்சு"ன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறமா சாவகாசமா எழுதற பழக்கம் வந்தது. 1993ல வந்த எம்எஸ்-டாஸ் 6ல ஸ்மார்ட்-டிரைவ் இந்த வேலையைப் பண்ணிச்சு. ஜனங்க சி-பிராம்ப்ட் வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு சுவிட்சை அணைச்சாங்க, ஃபைல் போச்சு. ஏகப்பட்ட புகார். அதே வருஷம் வந்த 6.2ல, எழுதி முடிச்சப்புறம்தான் பிராம்ப்ட் வரணும்னு மாத்தினாங்க. ஸ்கேன்-டிஸ்க்கும் அதுலதான் வந்தது. விண்டோஸ் 98 காலத்துல கரண்ட் போய் வந்தா நீலத் திரையில "ஒழுங்கா அணைக்கலை"ன்னு நம்மைத் திட்டுமே, அதேதான். கரண்ட்டை நாமளா நிறுத்தினோம்?

இதுக்கெல்லாம் முன்னாடியே ஒருத்தர் வழி கண்டுபிடிச்சிருந்தாங்க என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1974 வாக்குல ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி எல்லாம் சேர்ந்து 'பிராவோ'ன்னு ஒரு எழுத்துச் செயலி பண்ணினாங்க. நீங்க செய்யற ஒவ்வொண்ணையும் தனியா குறிச்சு வைக்கும். இயந்திரம் விழுந்து எழுந்தா அந்தக் குறிப்பை முதல்லேருந்து ஓட்டி, விட்ட இடத்துல கொண்டுவந்து நிறுத்தும். சிமோனி பிறகு மைக்ரோசாஃப்ட் போய் வேர்டைக் கட்டினார், முதல் பதிப்பு 1983. பிராவோவோட உள்கட்டமைப்பு வேர்டுக்கு வந்தது. அந்தத் திரும்ப ஓட்டற வசதி வரலை!

"செய்யறதுக்கு முன்னாடி, செய்யப்போறேன்னு எழுதி வை" என்கிற பாடத்தை டேட்டாபேஸ் உலகத்துல நிலைநாட்டினவங்கள்ல முக்கியமானவர் ஜிம் கிரே, ஐபிஎம்மில் 1970கள்ல. 1998 டூரிங் விருது அவருக்குத்தான். 2007 ஜனவரி 28 அன்னைக்கு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தனியா பாய்மரப் படகுல கடலுக்குப் போனவர் திரும்பலை. செயற்கைக்கோள் படங்களைத் துண்டு துண்டா பிரிச்சு இணையத்துல ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து தேடினாங்க. கிடைக்கலை.

அவங்க பாடம் ஃபைல் அடுக்குமுறைக்கு 1990கள்ல வந்தது. 1993ல விண்டோஸ் என்டியோட என்டிஎஃப்எஸ், லினக்ஸ்ல 2001ல ஈஎக்ஸ்டி3. இதோட சரியாயிடுச்சுன்னு நினைப்போம். ஒரு சூட்சுமம் இருக்கு. இந்த ஏற்பாடு பெரும்பாலும் காப்பாத்தறது அட்டவணையை மட்டும்தான், உங்க எழுத்தை இல்லை. கரண்ட் வந்ததும் ஃபைல் இருக்கும், பேர் இருக்கும், உள்ளே வெறும் பூஜ்யமா இருக்கும். 2009ல ஈஎக்ஸ்டி4 புதுசா வந்தப்போ லினக்ஸ்காரங்களுக்கும் இதே அடி. அதை எழுதினவங்கள்ல ஒருத்தரான டெட் சோ "வட்டுக்குப் போய்ச்சேர்ந்ததான்னு உறுதி பண்ணிக்காத மென்பொருள்கள் மேலதான் தப்பு"ங்கற மாதிரி வாதாடினார். வாதம் சரிதான். ஆனாலும் கடைசியில அவரே மாற்றமும் எழுதிக் கொடுத்தார். கணக்குப்பிள்ளை தன் பேரேட்டைக் காப்பாத்திட்டு, நெல்லு போச்சுன்னா எனக்குத் தெரியாதுங்கற மாதிரிதான் இது எனக்குப் படுது.

பெரியவர் விஷயத்துக்கு வருவோம். பென் டிரைவ்ல அந்த ஏற்பாடுகூட இல்லை.

முதல் வேலை அந்த டிரைவ்ல எதையும் எழுதாம, லினக்ஸ் சிடியில பூட் பண்ணி, பைட்டுக்கு பைட் ஒரு நகல் எடுத்தேன். அதுக்கப்புறம் மூலத்தைத் தொடவே இல்லை. இதுமாதிரி மாட்டிக்கிட்டா நீங்களும் இதையே பண்ணுங்க. அந்தப் பையன் அழுத்தின 'ஆமா'வால ஒரு ஃபோல்டர் வந்திருந்தது, உள்ளே 'சிஎச்கே'ன்னு முடியற ரெண்டு துண்டு. யாருக்குச் சொந்தம்னு தெரியாத கட்டங்களை விண்டோஸ் அப்படித்தான் மூட்டை கட்டி வைக்கும். திட்டலாம்னு பார்த்தேன், இந்த மூட்டை பிறகு உதவிச்சு.

வேர்ட் சேவ் பண்ணும்போது பழைய ஃபைல் மேலேயே எழுதறதில்லை. புதுசை ஒரு தற்காலிகப் பேர்ல எழுதும், பழசுக்கு வேற தற்காலிகப் பேர் வைக்கும், புதுசுக்கு நிஜப் பேரைக் கொடுக்கும், அப்புறம் பழசை அழிக்கும். ஆக முந்தின நாள் வரைக்கும் உள்ள ஃபைல் 'அழிக்கப்பட்டதா' எங்கேயாவது கிடக்கணும். ஃபோட்டோரெக் நிரல் அதைப் பிடிச்சுக் கொடுத்தது. பழைய டாக் ஃபைல் எல்லாம் டி0 சிஎஃப் 11 ஈ0 என்கிற நாலு பைட்டுல ஆரம்பிக்கும். 'டாக்ஃபைல்'னு படிக்கிற மாதிரி எவனோ குறும்புக்காரன் வச்ச குறி. முந்தின நாள் வரைக்கும் எழுதினது, நடுவுல ஆறு பக்கம் தவிர, வந்துடுச்சு.

கடைசி நாள் எழுதினதுதான் பாக்கி. அது அந்த மூட்டையில இருந்தது, வேர்ட் திறக்க மாட்டேங்குது. அங்கே யூனிகோட்தான் கைகொடுத்தது. டாக் ஃபைலுக்குள்ள நம்ம தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் ரெண்டு பைட். தமிழுக்கு ஒதுக்கின இடத்தால, ரெண்டாவது பைட் எப்பவுமே 0பி. ஹெக்ஸ் எடிட்டர்ல ஒண்ணு விட்டு ஒண்ணு 0பி, 0பின்னு தூண் மாதிரி இறங்கினா அங்கே தமிழ் இருக்குன்னு அர்த்தம். டிஸ்கி, டாப் காலத்து எழுத்துருவா இருந்திருந்தா இப்படிக் கண்ணால பிடிச்சிருக்கவே முடியாது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, முன்னால ரெண்டு பைட் குறி சேர்த்து நோட்பேடில் திறந்தேன். முழுக்க சீனமும் கொரியனும்! அரை நிமிஷம் பயந்துட்டேன். ஒரு பைட் தள்ளி வெட்டியிருக்கேன். க சீனமாகவும் ம கொரியனாகவும் ஆயிடுச்சு. ஒரு பைட் நகர்த்தினதும் அந்த அம்மா பேச ஆரம்பிச்சாங்க.

கிடைச்சது நாலு பக்கம். வாக்கியத்துக்கு நடுவுல நின்னுபோச்சு. கரண்ட் போன இடம்.

காணாமப்போன ஆறு பக்கத்தை அவர் திரும்ப எழுத உட்கார்ந்தார். பத்து நாள் கழிச்சுக் கொண்டுவந்தார், இந்தத் தடவை நோட்டுல.

"விஷயம் எல்லாம் வந்துடுச்சு தம்பி. அவ பேசின மாதிரி வரல. நான் பேசற மாதிரி வருது."

அப்போ அவர்தான் எனக்குச் சிவப்பிரகாசம் பிள்ளை கதையைச் சொன்னார். தென்னாற்காடு கலெக்டர் ஆபீஸ் ரெவின்யூ உத்தியோகஸ்தர். 1902ல வேலையா இந்த ஊருக்கு வந்தவர், மலை மேல விரூபாட்ச குகையில ரமணரைப் பார்த்துக் கேள்வி கேட்டார். சுவாமி அப்போ பேசறதில்லை. மணல்ல விரலால எழுதிக் காட்டினார், பலகையில எழுதினார், சைகையும் காட்டினார். அடுத்த பதிலுக்கு முந்தினதை அழிக்கணுமே. பிள்ளை எடுத்து வச்சுக்கிட்டதுதான் மிச்சம். 1923ல 'நான் யார்?'னு புஸ்தகமா வந்தது. கேள்வி-பதிலா ஒரு வடிவம், ரமணரே கட்டுரையா எழுதின வடிவம் ஒண்ணுன்னு ரெண்டும் இன்னைக்கும் அச்சுல இருக்கு.

"மணல்ல எழுதினது அப்படியே வந்திருக்கும்னு நினைக்கறீங்களா சார்?"ன்னு கேட்டேன். பதில் சொல்லலை. நோட்டை நீட்டி, "இதை அடிச்சுடுங்க, ஆனா தனியாத் தெரியட்டும்"னார்.

அந்த ஆறு பக்கம் சாய்வெழுத்துல இருக்கு. உடைஞ்ச வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை. மொத்தமும் பிரிண்ட் எடுத்து, செங்கம் ரோட்டுல ஸ்பைரல் போட்டு மூணு காப்பி. பேரனுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

யுபிஎஸ்ஸுக்கும் அன்னைக்கே பேட்டரி மாத்தினோம்.

டிஸ்கி: இப்போ வர டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில ஒரு ஜிப் மூட்டை. அதோட பொருளடக்கம் ஃபைலோட கடைசியில இருக்கும். பாதியில நின்னா முதல்ல போறது அதுதான், அதனால மொத்தமும் போன மாதிரி தெரியும். ஜிப் பழுதுபார்க்கிற கருவியில கொடுத்தா பாதியாவது வெளியே வர வாய்ப்பு இருக்கு. எஸ்எஸ்டியில அழிஞ்சதுக்கு மட்டும் பெரும்பாலும் இந்த வைத்தியம் பலிக்காது. காலியான கட்டத்தை அதுவே துடைச்சு வச்சுடும்.